குழாயின் பின்பக்கத்துப் பெயிண்டை எப்படி எடுப்பது?

கேள்வி: எங்கள் வீடு 1983-ல் கட்டியது. பாத்ரூமில் மேலிருந்து இறங்கும் ஜி.ஐ. இரும்புக் குழாய் சுவரை ஒட்டினாற்போல ஓடுகிறது, இடுக்கில் என் சுண்டுவிரல்தான் நுழையும். இத்தனை வருஷத்தில் நாலைந்து தடவை எனாமல் அடித்தாயிற்று. இப்போது முன்பக்கம் பொரிந்து உதிர்கிறது, பின்பக்கம் கைக்கே எட்டவில்லை. பெயிண்டர், நெருப்பு வைத்து எரித்தால் அரை மணியில் வந்துவிடும் என்கிறார். வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள், பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? – வாசகி, கும்பகோணம்

பதில்: நெருப்பு வேண்டவே வேண்டாம் அம்மா. நீங்கள் பயப்படுவது சரிதான். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற பளிச்சென்ற நிறங்களில், ஈயம் நிறையவே இருந்திருக்கலாம். எரித்தால் அது புகையாகி மூக்குக்குள் போகும், காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூளாகித் தரையில் படியும், குழந்தை அந்தத் தரையில் கையை வைத்து அதே கையை வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போகிற ஈயத்தைச் சின்னக் குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், வேலை நடக்கிற இரண்டு நாளும் பேத்தி வேறு வீட்டில் இருக்கட்டும்.

எதைச் செய்தாலும் ஈரத்தில் செய்யுங்கள். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துக் குழாயை நன்றாக நனைத்துவிட்டு, பட்டி பார்க்கிற மெல்லிய தகட்டால் முன்பக்கத்தைச் சுரண்டினால் பாதி ஏடு ஏடாக வந்துவிடும். காரணம் இருக்கிறது: ஜி.ஐ. குழாயின் மேலே துத்தநாகப் பூச்சு உண்டு, அதன்மேல் எனாமலை நேரடியாக அடித்தால் இரண்டும் சேர்ந்து நாளடைவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி, பெயிண்டின் பிடிமானம் போய்விடும். உங்கள் குழாய் பொரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். கம்பி பிரஷ்ஷை மட்டும் எடுக்காதீர்கள், அது துத்தநாகத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடும், அப்புறம் துருப் பிடிக்க ஆரம்பிக்கும்.

இனி பின்பக்கம். தயிர் கடையும்போது மத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுப்போமே, அதேதான். நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளான வாட்டர் பேப்பரில் 180-ஆம் நம்பர் வாங்கி ஒரு அங்குல அகலத்துக்கு நீளமாக வெட்டி, காய்ந்திருக்கும்போதே அதன் முதுகில் துணி டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நாலு இழுப்பில் அறுந்துவிடும். சொரசொரப்பான பக்கம் குழாயைப் பார்த்து இருக்கும்படி இடுக்கில் நுழைத்து, நனைத்து, மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வாருங்கள். நான் எங்கள் பழைய வீட்டின் சமையலறைக் குழாயை இப்படித்தான் சுத்தம் செய்தேன். முதலில் பச்சை, அதற்கடியில் கிரீம், கடைசியில் சாம்பல் நிறத் துத்தநாகம் தெரிந்தது, அங்கேயே நிறுத்திவிட்டேன். மரை போட்ட இணைப்புகளிடம் மட்டும் மெதுவாகப் போங்கள். மரை வெட்டிய இடத்தில் துத்தநாகம் கிடையாது, பழைய குழாய் அங்கேதான் இற்றுப்போயிருக்கும், வேகமாக ஆட்டினால் கசிவு தொடங்கிவிடும்.

பெயிண்ட் ரிமூவர் போட்டால் வேலை சுலபம்தான், ஆனால் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று எழுதியிருந்தால் பாத்ரூமுக்குள் திறக்கவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, சின்ன அறையில் கீழேயே தேங்கி நிற்கும். அமெரிக்காவில் குளியல் தொட்டிக்குப் பெயிண்ட் உரித்தவர்கள் பலர் இதனால் இறந்து, 2019-ல் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தினார்கள். அது இல்லாத ஜெல் கிடைத்தால், ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்கில் தடவி, காயாமல் இருக்கப் பாலிதீனைச் சுற்றிவிடுங்கள். டப்பாவில் சொன்ன நேரம் கழித்து, சாக்குத் துணியைப் பட்டையாகக் கிழித்து அதே மாதிரி இழுத்தால் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

சாதாரண துணி முகக்கவசம் போதாது, என்-95 போடுங்கள். கீழே பாலிதீன் விரித்து, உதிர்வதை அப்படியே சுருட்டிக் கட்டிவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தோட்டத்து மண்ணில் கொட்டவே கூடாது. திரும்பப் பெயிண்ட் அடிக்குமுன் பெயிண்ட் பிடித்து நிற்பதற்காக, துத்தநாகத்துக்கென்று உள்ள அடிப்பூச்சான எட்ச் பிரைமர் ஒரு கோட் அடித்தால்தான் இந்த முறை நிற்கும். இடுக்கின் உள்ளே அழுத்தமாக ஒட்டிக்கொண்டு கண்ணுக்கும் தெரியாமல் இருப்பதை அப்படியே விட்டு மேலே அடித்துவிட்டாலும் தவறில்லை, உதிராத பெயிண்டால் குழந்தைக்கு ஆபத்து இல்லை.

கேள்வி: எங்களுடையது பிவிசி குழாய். இதற்கும் ரிமூவர் போடலாமா? – வாசகர், தேனி

பதில்: போடாதீர்கள். பல ரிமூவர்கள் பிவிசியையே இளக்கிவிடும், ஹீட் கன் காட்டினால் வளைந்துவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பர் போதும், மேல் பளபளப்பு போகிற அளவுக்குத் தேய்த்துவிட்டு அதன்மேலேயே அடிக்கலாம்.