சேலத்தில் எரிமலை இருந்ததா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏற்காடு ஏரி பழைய எரிமலையின் வாய் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. எரிமலை வாய் என்றால் சுற்றிலும் உறைந்த எரிமலைக் குழம்பும் சாம்பல் படிவும் கிடைக்க வேண்டும். ஏரியைச் சுற்றி அவை இல்லை. சேலத்திலிருந்து ஏறும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் நின்று, சாலைக்காக வெட்டிய பாறையைப் பாருங்கள். எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும் அந்தக் கருஞ்சாம்பல் கல் சார்னகைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்தில் உருவானது. மேலே இருந்த பாறையெல்லாம் அரித்துப் போன பிறகுதான் அது வெயிலைக் கண்டது. அவ்வளவு ஆழத்துக் கல் எரிமலையின் விளிம்பாக இருக்க முடியாது. சென்னைப் பரங்கிமலையிலும் இதே கல்தான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லை வைத்துப் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இதற்குப் பெயரிட்டார்.

மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் வெள்ளையாகத் தெரிவது சுண்ணாம்பா, எரிமலைச் சாம்பலா?

இரண்டும் இல்லை, வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட். சுண்ணாம்புக்கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். வெள்ளைக்கல் அப்படிச் சட்டென்று நுரைக்காது. அது மக்னீசியம் கார்பனேட். ஆனால் எனக்கு வெள்ளையைவிட, அது நரம்பாக ஓடும் பச்சையும் பழுப்புமான கல்லின் மீதுதான் ஆசை. அதன் பெயர் டுனைட். பெரும்பகுதி ஆலிவின் என்ற ஒரே கனிமம். பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த மாக்மாவின், அதாவது உருகிய பாறைக் குழம்பின், பிள்ளை அது. பின்னாளில் கரியமில வாயு கரைந்த நீர் விரிசல்களில் புகுந்து, ஆலிவினிலிருந்த மக்னீசியத்தைக் கரைத்து எடுத்து, வெள்ளை நரம்புகளாகப் படியவைத்தது. எஃகு உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய செங்கல் அந்த நரம்புகளிலிருந்து வருகிறது.

ஒரே மாக்மாவிலிருந்து வேறு வேறு கற்கள் எப்படி?

ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மரவள்ளிப் பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படியும், மேலே நிற்கும் நீர் வேறாகிவிடும். மாக்மா ஆறும்போது முதலில் திரள்வது கனமான ஆலிவின். அது அடியில் படியப் படிய, மிஞ்சிய குழம்பில் மக்னீசியம் குறையும், சிலிக்கா (மணலில் மிகுந்திருக்கும் பொருள்) கூடும். சிலிக்கா கூடினால் குழம்பு பிசுபிசுக்கும். வாயு எளிதில் வெளியேற முடியாது. அப்படிப்பட்ட எரிமலைதான் பயங்கரமாக வெடிக்கிறது. இந்தத் திரளும் வரிசையைப் பாறையியலாளர் நார்மன் போவன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உலைச் சோதனைகளால் காட்டினார். இதில் ஓர் எச்சரிக்கை: தொட்டியில் மாவு மாறாது, மாக்மாவிலோ, படிந்த மணிகள் குழம்போடு மீண்டும் வினைபுரியவும் கூடும்.

சேலத்தில் இனி எரிமலை வெடிக்குமா? பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

வெடிக்காது. இந்தியாவில் இன்று சீறும் எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு. 1787-இல் அதன் சீற்றம் பதிவானது. 19-ஆம் நூற்றாண்டில் அடங்கி, 1991-இல் மீண்டும் எழுந்தது. அங்கே ஒரு நிலத்தட்டு (பூமியின் மேலோட்டுப் பெருந்துண்டு) இன்னொன்றின் அடியில் இறங்குகிறது. அதிலிருந்து கசியும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்து மாக்மாவை உண்டாக்குகிறது. சேலத்துக்கடியில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

பள்ளிக் கண்காட்சிக்கு எந்தக் கல்லைக் கொண்டு போகலாம்?

டுனைட்டும் சார்னகைட்டும் ஒவ்வொரு துண்டு. இரண்டையும் கையில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை நரம்பு ஓடாத, புதிதாக உடைந்த டுனைட் கனமாக இருக்கும். சுரங்க எல்லைக்குள் அனுமதியின்றி நுழைய வேண்டாம். சாலையோரத்து ஜல்லிக் குவியலில் தேடினாலே சார்னகைட் கிடைத்துவிடும்.