‘பஸ்’ என்பதும் ‘ஆம்னி பஸ்’ என்பதும் வேறு வேறு சொற்களா?

மாட்டுத்தாவணியில் அரசு வண்டியை வெறுமனே ‘பஸ்’ என்றும், இரவில் சென்னைக்குப் புறப்படும் தனியார் வண்டியை ‘ஆம்னி பஸ்’ என்றும் சொல்கிறோமே, இந்த ‘ஆம்னி’ எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மையில் ‘பஸ்’ என்பது முழுச் சொல்லே அன்று. ‘எல்லோருக்கும்’ எனப் பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வால். அதிலும் அது வேற்றுமை உருபின் ஒரு துண்டுதான். நம் ‘எல்லோருக்கும்’ என்பதில் வேரை விட்டுவிட்டுக் கடைசித் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, “திருமங்கலம் போகிற ‘க்கும்’ வந்துவிட்டதா?” என்று கேட்பதற்கு ஒப்பானது இது. 1820களில் பிரான்சின் நான்ட் நகரில், கட்டணம் கொடுத்து யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்று ஓடிய குதிரை வண்டிக்கு அமைந்த இப்பெயர், 1829இல் லண்டனுக்கும் வந்து, அங்கே ‘பஸ்’ எனச் சுருங்கியது.

முழு வடிவம் சட்ட நூல்களில் தங்கிவிட்டது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அமைந்த வண்டியை ‘ஆம்னிபஸ்’ என்கிறது. அந்தக் கணக்கில் பெரியார் நிலையத்துக்குப் போகும் நகரப் பேருந்தும் ஆம்னிபஸ்தான். ஆனால், நம் வழக்கில் தனியார் தொலைதூர வண்டிக்கே அப்பெயர் ஒட்டிக்கொண்டது. தீபாவளிக் கட்டணத்தைப் பார்ப்பவர்களுக்கு, ‘எல்லோருக்கும்’ என்ற பொருள் சற்றுக் கேலியாகத்தான் படும்.