ஐ3-8100-ஆ, ரைசன் 3 2200ஜி-யா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு நின்றதிலிருந்து, ஆறேழு வருடத்து மெஷினை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா, யாரோ தள்ளியதை நாம் வாங்கிக்கொள்வதா என்று எல்லோருக்கும் ஒரே யோசனை போல. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இன்டெல்லின் ஐ3-8100, ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி என்ற இரண்டு ப்ராசஸர்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கே: ஐ3-8100, ரைசன் 3 2200ஜி, இரண்டும் செகண்ட் ஹேண்டில் ஏறக்குறைய ஒரே விலை சொல்கிறார்கள். எதை வாங்கட்டும்? (ஈரோடு)

தனியாக கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா, இனிமேல் போடப் போகிறீர்களா, எதையுமே எழுதாமல் எதை வாங்கட்டும் என்றால் எப்படி? சரி, இரண்டு விதமாகவும் சொல்கிறேன். இரண்டுமே நாலு கோர், நாலு த்ரெட், 65 வாட். 8100 வந்தது 2017 அக்டோபரில், 2200ஜி அடுத்த பிப்ரவரியில், அன்றைய விலை சுமார் 117 டாலர், 99 டாலர். வெறும் ப்ராசஸர் வேலையில் இரண்டுக்கும் ஐந்து சதவீதம் வித்தியாசம் வந்தால் அதிகம், அதுவும் 8100 பக்கம். டேலி, எக்ஸெல், ப்ரௌசர் என்று உட்கார்ந்தால் எது எது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடினால் 8100 பத்து சதவீதம் போல முன்னால் நிற்கும். கார்டே இல்லாமல் ஆடுவதென்றால் 2200ஜி-க்குள்ளேயே இருக்கும் வேகா 8 கிராபிக்ஸுக்கு முன்னால் 8100-க்குள் இருக்கும் யுஎச்டி 630 நிற்கவே முடியாது, இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஆக, கார்டு உண்டென்றால் 8100, இல்லையென்றால் 2200ஜி. ஆனால் முடிவெடுக்கும் முன் விண்டோஸ் 11 பற்றிய கேள்வியையும் படித்துவிடுங்கள், கணக்கு அங்கே கொஞ்சம் மாறுகிறது.

கே: 2200ஜி 3.7 கிகாஹெர்ட்ஸ், 8100 வெறும் 3.6 தானே. அப்போது 2200ஜி தானே வேகம்?

இல்லை. 3.7 என்பது பூஸ்ட், அதாவது கொஞ்ச நேரம் ஏறும் உச்ச வேகம், அடிப்படை வேகம் 3.5 தான். 8100-க்கு பூஸ்ட்டே கிடையாது, லோடு வந்தால் 3.6-லேயே நிற்கும். அதோடு ஒரே கிளாக்கில் 2200ஜி-க்குள் இருக்கும் முதல் தலைமுறை ஜென் வடிவமைப்பு முடிக்கும் வேலை இன்டெலை விடக் கொஞ்சம் குறைவு. இரண்டு கம்பெனியின் கிகாஹெர்ட்ஸை அருகருகே வைத்து ஒப்பிடுவதை இனியாவது விட்டுவிடுங்கள்.

கே: என்னிடம் எச்110 மதர்போர்டு இருக்கிறது, ப்ராசஸர் மாட்டும் இடம் 1151 சாக்கெட் தான். ஐ3-8100 வாங்கி மாட்டலாமா?

மாட்டலாம், ஆன் ஆகாது. சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தாலும் எட்டாம் தலைமுறைக்கு போர்டில் 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) வேண்டும்: எச்310, பி360, பி365, இசட்370 இப்படி. எச்110, பி250 எல்லாம் ஆறு, ஏழாம் தலைமுறையோடு சரி. பயாஸை (போர்டு ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) மாற்றி ஓட வைக்கும் வித்தைகள் யூடியூபில் கிடைக்கும், ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க அந்தத் தலைவலி வேண்டாம்.

கே: விண்டோஸ் 11 எதில் ஓடும்? 2200ஜி-யில் டிபிஎம் 2.0 (பாதுகாப்பு வசதி) இருக்கிறது என்று காட்டுகிறது, ஆனாலும் "இந்த பிசி தகுதி பெறவில்லை" என்கிறது. (திருச்சி)

டிபிஎம் மட்டும் இருந்தால் போதாது, மைக்ரோசாஃப்ட்டின் ப்ராசஸர் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும். 8100 எட்டாம் தலைமுறை, அதனால் பட்டியலில் கடைசி வண்டியைப் பிடித்துவிட்டது. 2200ஜி-யும் 2400ஜி-யும் பெயரில் 2000 என்று இருந்தாலும் உள்ளே இருப்பது பழைய முதல் தலைமுறை ஜென், அதனால் இடம் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அது 8100-க்கு அப்புறம் வந்த சிப், நாலு மாதம் இளையது. இதில் நியாயம் தேடாதீர்கள்.

சோதனையைத் தாண்டி நிறுவினால் 11 நன்றாகவே ஓடும். ஆனால் வருடாவருடம் வரும் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு தடவையும் கையால் அதே சுற்றுவழியில் போட வேண்டும், அப்டேட் கட்டாயம் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட்டும் உறுதி தருவதில்லை. வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்றால் சரி. கடைக்கோ, அலுவலகத்துக்கோ, ஊரில் இருக்கும் அப்பாவுக்கோ என்றால் 8100 வாங்குங்கள். லினக்ஸ் போடுகிறவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

கே: ஐ3-9100எஃப் ப்ராசஸர் மலிவாகக் கிடைத்தது, எச்310 போர்டில் மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை. போர்டு போய்விட்டதா?

போர்டு நன்றாக இருக்கிறது. "எஃப்" என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போட்டால்தான் படம் வரும். அதனால்தான் மலிவு.

கே: 2200ஜி-யில் கேம் நன்றாக ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். வாங்கிவிட்டேன். வீடியோக்களில் ஓடும் அளவுக்கு என்னிடம் ஓடவில்லை, திக்கித் திக்கி வருகிறது. சிப் போலியா? (சேலம்)

சிப் போலி இல்லை ஐயா, ராம் ஒற்றை. கடிதத்தின் கடைசி வரியில் "8 ஜிபி ராம் ஒன்று" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் அடுத்த மாதமும் இதே கேள்வி வருகிறது, அதனால் இன்று முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

கிராபிக்ஸ் கார்டுக்கு என்று தனி மெமரி உண்டு. வேகா 8-க்கு அது கிடையாது, உங்கள் ராமில்தான் பங்கு கேட்கும். படம் வரையத் தேவையான ஒவ்வொரு பைட்டும் அந்த ஒரு ராம் குச்சி வழியாகத்தான் வந்துபோக வேண்டும், அதே வழியில்தான் ப்ராசஸரும் தன் வேலைக்கு நிற்கிறது. 2400 வேகத்தில் ஒரு குச்சி என்றால் நொடிக்கு சுமார் 19 ஜிபி. இரண்டு குச்சி போட்டு டூயல் சேனல் ஆனால் 38. இரண்டு குச்சியோடு 2933 வேகத்துக்கும் ஏற்றினால் 47 பக்கம் போகும். அதே சிப், அதே கேம், இரண்டாவது குச்சி போட்டதும் முப்பது நாற்பது சதவீதம் வேகம் கூடுவது சாதாரணம், சில கேம்களில் அதற்கு மேலும். ஓவர்கிளாக் செய்து அவ்வளவு வாங்க முடியுமா? முடியாது.

என் கோபம் வாங்குகிறவர்கள் மேல் குறைவு, விற்கிறவர்கள் மேல்தான் அதிகம். "கேமிங் பிசி" என்று போர்டு மாட்டி, கேபினெட்டில் நாலு கலரில் விளக்கு எரிய, உள்ளே 2200ஜி-யும் ஒற்றை 8 ஜிபி குச்சியும் வைத்துக் கொடுக்கிறார்கள். இரண்டு 4 ஜிபி குச்சிகளுக்கும் ஒரு 8 ஜிபி-க்கும் நடுவே இருந்த வித்தியாசம் சில நூறு ரூபாய்தான், அந்த விளக்குக்கு அதைவிட அதிகம் செலவழித்திருப்பார்கள். தெரிந்தவர் ஒருவருக்காகக் கடையில் நின்று இரண்டு குச்சி கேட்டபோது, "பின்னாடி அப்கிரேட் பண்ண ஒரு ஸ்லாட் காலியாக இருக்கட்டும் சார், ஃப்யூச்சர் ப்ரூஃப்" என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். வாங்கியவர் அந்த ஸ்லாட்டைக் காலியாகவே வைத்து மூன்று வருடம் ஓட்டுவார், ஏஎம்டி மோசம் என்று ஊரெல்லாம் சொல்வார். அதற்கப்புறம் ஒற்றை ராமில் ஓடும் 2200ஜி-யையும் இரட்டை ராமோடு கிராபிக்ஸ் கார்டும் போட்ட 8100-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "நேருக்கு நேர்" என்று வீடியோ வேறு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று என்றால் இன்னொரு 8 ஜிபி வாங்குங்கள், கிடைத்தால் அதே மாடல். 4 ஜிபி தான் கையில் இருக்கிறது என்றாலும் போடுங்கள், முதல் 8 ஜிபி டூயலாக ஓடும், மீதி 4 ஒற்றையாக ஓடும், அதுவே பெரிய முன்னேற்றம். நாலு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். பக்கத்துப் பக்கத்தில் செருகிவிட்டு டூயல் வரவில்லை என்று எழுதாதீர்கள். அப்புறம் வேகா தன் பங்காக ஒன்றோ இரண்டோ ஜிபி ஒதுக்கிக்கொள்ளும், 8 ஜிபி போட்டும் 6 தான் காட்டுகிறது என்று பதறவும் வேண்டாம்.

8100-க்கும் இது நல்லதுதான், கார்டு போட்ட மெஷினில் மட்டும் வித்தியாசம் அவ்வளவு கண்ணில் படாது.

கே: 3200 ராம் வாங்கினேன், ஐ3-8100-இல் 2400 தான் காட்டுகிறது. எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) ஆன் செய்தும் மாறவில்லை.

மாறாது. எச்310, பி360 போர்டுகளில் 8100-க்கு உச்சம் 2400. ராம் கெட்டுப்போகவில்லை, நீங்கள்தான் அதிகம் கொடுத்துவிட்டீர்கள். அடுத்த மெஷினுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கே: 2200ஜி-யோடு ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு சேர்த்தால் கேமுக்கு நன்றாக இருக்குமா?

வேண்டாம். ஜிடிடிஆர்5 மெமரி வகை ஜிடி 1030-ம் நன்றாக ராம் போட்ட வேகா 8-ம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். டிடிஆர்4 வகை என்று இன்னொன்று 2018-இல் வந்தது, பெயர் அதேதான், மெமரி வேகம் நொடிக்கு 48-க்குப் பதிலாக 17 ஜிபி. அதை மாட்டினால் இருப்பதை விடக் குறையும். அந்தக் காசில் இரண்டாவது ராம் வாங்குங்கள் என்று நான் சொல்லப் போவது உங்களுக்கே தெரியும்.

கே: 2200ஜி-யில் கார்டு போட்டால் எட்டு லேன் (கார்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே தகவல் போகும் பாதை) தான் கிடைக்குமாமே? ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்க நினைக்கிறேன்.

எட்டு லேன் தான், உண்மை. ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி கார்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் 6500 எக்ஸ்டி தானே நாலு லேன் கார்டு, பிசிஐஇ 4.0 என்ற புதிய தலைமுறை இணைப்பின் வேகத்தை நம்பிச் செய்தது. 8100-ம் 2200ஜி-யும் 3.0 தான், இரண்டிலுமே அது அடிவாங்கும். வேறு கார்டு பாருங்கள். கார்டு எதுவானாலும் கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்-ஸில் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மாட்டாதீர்கள்.

கே: 2200ஜி-க்கும் 3200ஜி-க்கும் என்ன வித்தியாசம்? 3000 என்றால் ஜென் 2 தானே?

"ஜி" என்று முடிந்தால் இல்லை. 3200ஜி ஜென் ப்ளஸ், முதல் ஜென்னைக் கொஞ்சம் மேம்படுத்தியது. 3.6-இலிருந்து 4.0, கிராபிக்ஸ் அதே வேகா 8 கொஞ்சம் வேகமாக. பத்து சதவீதம் கூடும் என்று வையுங்கள். விண்டோஸ் 11 பட்டியலில் இதற்கு இடம் உண்டு, அந்த ஒரு காரணத்துக்காகவே சில நூறு ரூபாய் அதிகம் கொடுக்கலாம்.

கே: பின்னாளில் அப்கிரேட் செய்ய எது நல்லது?

2200ஜி, யோசிக்கவே வேண்டாம். ஏஎம்4 சாக்கெட் என்பதால் நல்ல பி450 போர்டில் பயாஸ் அப்டேட் செய்து ரைசன் 5 5600 வரை, அதற்கு மேலும் போகலாம். 8100 வைத்திருப்பவர் ஒன்பதாம் தலைமுறையோடு நிற்க வேண்டும், எச்310 போர்டில் மின்சாரம் அதிகம் இழுக்கும் 9900கே போடுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய ப்ராசஸர் மாட்டியிருக்கும்போதே பயாஸை மாற்றிவிடுங்கள், அதைக் கழற்றி விற்றுவிட்டு அப்புறம் யோசிக்காதீர்கள். சில போர்டுகளில் புது பயாஸ் போட்டால் பழைய சிப்புகளுக்கு ஆதரவு போய்விடும், கம்பெனிப் பக்கத்தில் உங்கள் போர்டின் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட் வேண்டவே வேண்டாம். எழுதும்போது போர்டின் முழுப் பெயரையும் எழுதுங்கள். "கிகாபைட் போர்டு" என்பது மாடல் பெயர் இல்லை.

கே: ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றக் கூலரைக் கழற்றினேன், ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நாலைந்து பின் வளைந்திருக்கிறது. (நாகர்கோவில்)

ஏஎம்4-இல் அடிக்கடி நடப்பதுதான், பின் எல்லாம் சிப்பில் இருப்பதால். 1331 பின்னில் நாலைந்து வளைந்தால் பயப்பட வேண்டாம். மைக்ரோ டிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு அந்த வாயைப் பின்னில் நுழைத்து மெதுவாக நிமிர்த்துங்கள், ஒரேயடியாக அல்ல. அடுத்த முறை மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமும் திருகிவிட்டு எடுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போதும் ரைசனைத் திருப்பிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இன்டெல் என்றால் சிப்பை அல்ல, போர்டின் சாக்கெட்டைப் பாருங்கள்.

கே: யூடியூப் 4கே எதில் நன்றாக ஓடும்?

வீடியோ விபி9 வடிவத்தில் வந்தால் இரண்டிலும். ஏவி1 என்ற புதிய வடிவத்தில் வந்தால் இரண்டுக்குமே ஹார்ட்வேர் ஆதரவு இல்லை, ப்ராசஸர் தலையில் விழும்.

கே: என் கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. எந்த ப்ராசஸர் மாற்றலாம்?

எந்த மெஷின், எந்தப் போர்டு, எவ்வளவு ராம், ஒன்றும் இல்லை. இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் விண்டோஸ் ஓடுகிறது என்று பந்தயம் கட்டுகிறேன். எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போடுங்கள். அப்படியும் ஸ்லோ என்றால் போர்டு மாடலோடு எழுதுங்கள்.