'கெட் மை கோட்': எரிச்சலுக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: ஆங்கிலத்தில் 'கெட் மை கோட்' (get my goat) என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்? ஆடு அதில் எப்படி வந்தது?

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒன்று நம்மைக் கடுப்பேற்றுகிறது, அவ்வளவுதான். கோபத்தில் கொதிப்பதற்கு ஒரு படி கீழே. வரிசையில் நிற்கும்போது ஒருவர் நடுவில் வந்து நுழைந்தால் வருமே, அந்த எரிச்சல்.

நான் இதை முதலில் கேட்டது ஓர் இரவு நேர கான்ஃபரன்ஸ் காலில். ஒரே வேலைக்கு மூன்றாவது முறையாகத் தேதி தள்ளிப்போனதும், அமெரிக்காவிலிருந்து பேசிய மேலாளர் அம்மா பெருமூச்சு விட்டு இதைச் சொன்னார். என் காதில் விழுந்தது சட்டைக்கு மேல் போடுகிற கோட்டு. தமிழில் எழுதினால் இரண்டுமே 'கோட்'தானே. பக்கத்தில் இருந்த தோழி நோட்டின் ஓரத்தில் தாடியோடு ஓர் ஆட்டுத் தலையை வரைந்து என் பக்கம் தள்ளினாள். அன்றிலிருந்து இந்த ஆட்டின் பின்னால் அலைந்திருக்கிறேன்.

தேடினால் முதலில் கிடைப்பது குதிரைப் பந்தயக் கதை. பந்தயக் குதிரைகள் சட்டென்று மிரளும். துணைக்கு ஓர் ஆட்டை லாயத்தில் கட்டினால் அமைதியாகும். போட்டிக்காரர்கள் முந்தின இரவே வந்து அந்த ஆட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்களாம். குதிரை இரவெல்லாம் தவித்து மறுநாள் தோற்குமாம். 'ஆட்டையைப் போட்டுட்டான்' என்றால் திருடிவிட்டான் என்று பழகிய நமக்கு இந்தக் கதை உடனே ஒட்டிக்கொள்கிறது.

லாயத்தில் ஆடு கட்டுவது உண்மையான வழக்கம். 1936-இல் டாம் ஸ்மித் என்ற பயிற்சியாளர், ஓயாமல் பதற்றத்தில் சுற்றிக்கொண்டிருந்த சீபிஸ்கட் என்ற குதிரைக்கு விஸ்கர்ஸ் என்ற ஆட்டைத் துணைக்கு விட்டார். சீபிஸ்கட் அதைப் பல்லால் கவ்வி, உலுக்கி, கதவுக்கு வெளியே போட்டுவிட்டது! அப்புறம் பம்ப்கின் என்ற சாதுவான குதிரையை விட்ட பிறகுதான் அடங்கியது.

ஆனால் ஆட்டைத் திருடியதால்தான் இந்தச் சொல்லாடல் பிறந்தது என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பலர் இதை நடந்த வரலாறாகவே சொல்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கதை அழகாக இருக்கிறது, சொல்லட்டும். கதை என்று சொல்லிச் சொல்லட்டும்.

அச்சில் கிடைக்கிற பழைய தடயம் வேறோர் இடத்தைக் காட்டுகிறது. நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் சிங் சிங் சிறையைப் பற்றி 1904-இல் 'லைஃப் இன் சிங் சிங்' என்ற புத்தகம் வந்தது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் '1500-ஆம் எண்' என்றுதான் இருக்கும். கைதிகளின் குழூஉக்குறிகளுக்கு அதில் ஒரு சொற்பட்டியல் உண்டு. அதில் ஆட்டுக்கான சொல்லுக்கு 'கோபம்' என்றே பொருள் போட்டிருக்கிறது. லாயம் இல்லை, குதிரை இல்லை. அங்கே ஆடே கோபம். அப்படியானால் ஆட்டைப் பிடிப்பது என்றால் ஒருவருக்குள் இருக்கும் கோபத்தைக் கிளப்பிவிடுவது என்று நேராகவே பொருள் வந்துவிடுகிறது. எனக்கு இதுதான் நம்பத் தகுந்ததாகப் படுகிறது.

பிரெஞ்சிலும் ஓர் ஆடு உண்டு. 'ஆட்டை எடுப்பது' என்றால் சட்டென்று கோபித்துக்கொள்வது. மோலியேர் 1660-இல் எழுதிய நாடகத்திலேயே வருகிறது. அதிலிருந்துதான் ஆங்கிலத்துக்கு வந்தது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பிரெஞ்சில் ஆட்டை எடுப்பவர் கோபப்படுகிறவரே. ஆங்கிலத்தில் எடுப்பது எரிச்சலூட்டுகிற ஆளோ விஷயமோ. இந்த வேறுபாட்டைத் தாண்டி என்னால் இரண்டையும் முடிச்சுப் போட முடியவில்லை.

பயன்படுத்தும்போதும் இதையே நினைவில் வையுங்கள். எது கடுப்பேற்றுகிறதோ அது முதலில் வரும்; யாருடைய எரிச்சலோ அவருடைய ஆடு பின்னால் வரும். 'அவன் உன் ஆட்டைப் பிடிக்க விடாதே' என்ற அமைப்பில் சொன்னால், அவன் சீண்டுவதற்கு இடம் கொடுக்காதே என்று அர்த்தம். நண்பர்களிடம், கூட வேலை செய்கிறவர்களிடம் பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். வாடிக்கையாளருக்கு எழுதும் மெயிலில் வேண்டாம்.