கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ரெகேவுக்கு முன்னால் ஜமைக்காவில் ராக்ஸ்டெடி என்று ஓர் இசை வகை இருந்ததாமே? யாரிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: 1966 முதல் 1968 வரை, இரண்டே வருட ராஜ்ஜியம் ஐயா அது! அதற்கு முந்தைய துள்ளல் இசையான ஸ்காவின் வேகத்தைத் தணித்தார்கள். கிடைத்த இடைவெளியில் பேஸ் கிட்டாரும் குரல்களும் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டன. பாராகன்ஸ் குழுவில் தொடங்குங்கள். ஜான் ஹோல்ட் எழுதி 1967-இல் அவர்கள் பாடிய 'தி டைட் இஸ் ஹை'தான் 1980-இல் அமெரிக்காவின் பிளாண்டி குழுவின் குரலில் உலகம் சுற்றியது. எனக்கு மூலப் பாட்டுதான் உசத்தி, அதிலுள்ள வயலினுக்காகவே. தயாரித்தவர் டியூக் ரீட். முன்னாள் போலீஸ்காரர், துப்பாக்கியோடு திரிந்தவர். கிங்ஸ்டனில் தன் மதுக்கடையின் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அந்த மனிதரிடமிருந்து இத்தனை இளகிய காதல் பாட்டுகள்! அடுத்து பாடகர் ஆல்டன் எல்லிஸ். பிறகு ஹெப்டோன்ஸ் குழு: அதன் பாடகர் லீராய் சிபில்ஸ், கிங்ஸ்டனின் இன்னொரு ஸ்டூடியோவான 'ஸ்டூடியோ ஒன்'னில் மற்றவர்களுக்கு பேஸும் வாசித்தவர்.