சேலைக்குள் ஷேப்வேர்: பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று முதலில் பாருங்கள்

முகூர்த்த நாட்கள் நெருங்கினாலே சாரி ஷேப்வேர், அதாவது சேலைக்குள் உள்பாவாடைக்குப் பதிலாகப் போடும் இறுக்கமான உள்ளாடை, பற்றிய கேள்விகளும் சேர்ந்து வரத் தொடங்கிவிடும். கொஞ்சம் பெரிய உடம்புக்காரர்களின் வருத்தம் ஏறக்குறைய ஒன்றுதான்: போட்டால் சுருள்கிறது, மூச்சு முட்டுகிறது, திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க மாட்டேன் என்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எனக்கு சுடிதார் டாப்பே 3 எக்ஸ்எல். கடையில் சாரி ஷேப்வேர் கேட்டால், "டைட்டா இருந்தாத்தான்க்கா ஷேப் வரும், ஒரு சைஸ் கம்மியா எடுங்க" என்கிறார் அந்தப் பெண். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். இந்த ஒரு ஆலோசனையால்தான் பாதிப் பேருடைய பணம் அலமாரிக்குள் மடித்துக் கிடக்கிறது. நைலான் அல்லது பாலியஸ்டரோடு ஸ்பாண்டெக்ஸ் என்ற இழுபடும் நூல் கலந்து பின்னிய துணி அது. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த இறுக்கத்தை அந்தந்த அளவுக்குள்ளேயே வைத்துத்தான் தைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் நீங்களும் ஒரு சைஸ் குறைத்தால் இறுக்கம் இன்னும் கூடும், அவ்வளவுதான். சதை எங்கேயும் காணாமல் போகாது. தலையணையை நடுவில் கயிறு போட்டுக் கட்டினால் மேலேயும் கீழேயும் பிதுங்குமே, அதேதான் இங்கேயும்: இடுப்புப் பட்டைக்கு மேல் ஒரு மடிப்பு, ஜாக்கெட்டுக்குக் கீழே முதுகில் இன்னொரு மடிப்பு. போடுவதற்கு முன்னால் இல்லாத கோடுகளை எல்லாம் போட்ட பிறகு மெல்லிய ஷிஃபான் சேலை ஊருக்கே காட்டும்.

எக்ஸ்எல், 3 எக்ஸ்எல் என்ற எழுத்துகளையும் நம்ப வேண்டாம், ஒரு கம்பெனியின் 3 எக்ஸ்எல் இன்னொரு கம்பெனியில் 4 எக்ஸ்எல்லாக இருக்கும். தையற்கடையில் இருக்கும் அதே இன்ச் டேப்பை எடுத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். இடுப்பு அளவு என்றதும் எல்லோரும் தொப்புளைச் சுற்றி டேப்பை வைக்கிறோம். சாரி ஷேப்வேருக்கு முக்கியம் அது இல்லை. பின்பக்கம் எங்கே அதிகம் அகலமோ அந்த இடத்தில் சுற்றி வரும் அளவுதான் முக்கியம், அடிவயிறு தொங்கலாக இருந்தால் அதையும் சேர்த்து. நின்றபடி ஒருமுறை, நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை அளந்து பாருங்கள், உட்கார்ந்ததும் அளவு கூடுவது உங்களுக்கே தெரியும். சைஸ் சார்ட்டில் இடுப்பு ஒரு கட்டத்திலும் பின்பக்கம் அடுத்த கட்டத்திலும் விழுந்தால் பின்பக்க அளவுக்கு எடுங்கள். மேலே தளர்வாக இருப்பதை நாடா போட்டுச் சரிக்கட்டிவிடலாம், கீழே இறுகுவதை எதைப் போட்டும் சரிக்கட்ட முடியாது.

ட்ரையல் ரூமில் கண்ணாடி முன் நேராக நின்று வயிற்றை எக்கிப் பார்ப்பது சோதனையே இல்லை. உட்காருங்கள், குனிந்து செருப்பு வாரைத் தொடுங்கள், இழுத்து ஒரு பெருமூச்சு விடுங்கள், கதவுக்கு வெளியே நிற்கும் தங்கையோடு கொஞ்ச நேரம் பேசுங்கள். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டு எழ முடியாது என்று தோன்றினால் அது உங்கள் சைஸ் இல்லை.

கேள்வி: ஷார்ட்ஸ் மாதிரி உள்ள ஹை வெய்ஸ்ட் ஷேப்வேர் வாங்கினேன். உட்கார்ந்து எழுந்தால் மேல்பக்கம் பாயாகச் சுருண்டு வயிற்றுக்கு நடுவில் வந்து நிற்கிறது. தொடைப்பக்கமும் மேலே ஏறுகிறது. என் உடம்புதான் பிரச்சினையா?

உடம்பை விடுங்கள், வெட்டுதான் பிரச்சினை. பல கம்பெனிகள் சின்ன சைஸுக்கு வரைந்த அச்சை அப்படியே அகலமாக்கிப் பெரிய சைஸ் என்று விற்கிறார்கள். அகலம் கூடும், உயரம் கூடாது. வயிறு முன்னால் இருப்பவர்களுக்குத் துணி அந்த வளைவின் மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் நீளம் போதாமல் போகிறது. பட்டை போய் நிற்பது வயிற்றின் மேடான இடத்தில், உட்கார்ந்ததும் அங்கிருந்து வழுக்கிக் கீழே உருள்கிறது.

பட்டை ப்ராவின் அடிப்பட்டைக்குச் சற்றுக் கீழே, விலா எலும்பின் மேல் போய் உட்கார வேண்டும், அங்கேதான் அதற்குப் பிடிமானம் உண்டு. குறுகிய எலாஸ்டிக் வேண்டாம், நாலு விரல் அகலத்துக்காவது இருக்கட்டும். சிலவற்றில் பக்கவாட்டில் வளையும் பிளாஸ்டிக் குச்சி வைத்திருப்பார்கள், சுருளாமல் நிற்கும், ஆனால் நீண்ட நேரம் உட்கார்ந்தால் விலாவில் குத்தும், எனக்கு அது பிடிக்காது. இதற்கும் அடங்காவிட்டால் தோள் வார் வைத்து, மார்புப் பகுதி திறந்திருக்கும் பாடிசூட் வகைக்குப் போங்கள், உங்கள் ப்ராவையே போட்டுக்கொள்ளலாம், வார் இழுத்துப் பிடிப்பதால் சுருளவே வழியில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கவட்டில் திறப்போ கொக்கியோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மண்டபத்துப் பாத்ரூமில் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோள் வரைக்கும் கழற்றி மாட்டும் கொடுமை யாருக்கும் வேண்டாம்.

தொடையில் ஏறுவதற்குக் காரணம் கால் நீளம் போதாமைதான், பாதித் தொடையில் முடிந்தால் நடக்க நடக்க மேலே வரும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரை வரும் நீளம் எடுத்தால் தொடை உரசிப் புண்ணாவதும் குறையும். உண்மையில் நிறையப் பேருக்கு ஷேப்வேர் தேவையே இல்லை, தொடை உரசாமல் இருக்க இறுக்கமில்லாத பருத்தி சைக்கிளிங் ஷார்ட்ஸ் ஒன்று போதும். விலையும் குறைவு.

கேள்வி: அம்மாவின் பழைய காஞ்சிபுரம் பட்டு நல்ல கனம். அதற்கு மீன் வால் வெட்டு ஷேப்வேர் சரிவருமா? கொசுவம் நழுவிவிடும் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். பருத்தி உள்பாவாடையில் நாடாதான் கொசுவத்தைப் பிடித்து நிறுத்துகிறது, துணியின் சொரசொரப்பும் பட்டுச்சேலையை நழுவவிடாது. ஷேப்வேர் வழவழப்பு. வெறும் எலாஸ்டிக்கை நம்பி கனமான ஜரிகைச் சேலையைச் செருகினால் மணவறையைச் சுற்றி வருவதற்குள் கொசுவம் தரையைப் பார்க்கும். எலாஸ்டிக்கோடு நாடாவும் கோத்திருப்பதைத் தேடி வாங்குங்கள், கொசுவத்துக்கு ஒரு நல்ல சேஃப்டி பின்னும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் நடை. முழங்கால் பக்கம் குறுகி வரும் மீன் வால் வெட்டு போட்டோவுக்கு அழகு, படிக்கட்டுக்கு எதிரி. பக்கவாட்டில் பிளவு இருக்க வேண்டும், அது முழங்கால் வரைக்குமாவது ஏற வேண்டும். ஸ்கூட்டி ஓட்டிப் போகிறவர்கள், சம்மணம் போட்டு மணையில் உட்கார வேண்டியவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர்கள் இந்த வெட்டை விட்டுவிடுங்கள். நேர் வெட்டு, இறுக்கம் குறைந்தது, அதுவே போதும். கனமான பட்டு எப்படியும் விறைப்பாகத்தான் நிற்கும், உள்ளே நீங்கள் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று அது யாருக்கும் சொல்லாது. ஷேப்வேரின் வித்தை தெரிவதெல்லாம் ஜார்ஜெட், ஷிஃபான், மெல்லிய சாட்டின் வகைகளில்தான்.

கேள்வி: பல வருடமாக உள்பாவாடை நாடா கட்டி இடுப்பில் கறுத்துத் தழும்பாகிவிட்டது. ஷேப்வேர் போட்டால் இன்னும் மோசமாகுமா? சர்க்கரையும் இருக்கிறது.

அகலமான பட்டை, சரியான சைஸ் என்றால் நாடாவைவிட நல்லது, ஒரே கோட்டில் விழும் அழுத்தம் பரவிவிடும். ஆனால் அதன் மேலேயே நாடாவையும் இழுத்துக் கட்டினால் ஒரு பயனும் இல்லை. ஒரே இடத்தில் தினமும் விழும் இறுக்கம் அற்ப விஷயமில்லை. மகாராஷ்டிரம், பீகார் மருத்துவர்கள் 2024இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில், இடுப்பில் இறுக்கிக் கட்டிய இடத்தில் ஆறாத புண் வந்து அது தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு மூத்த பெண்களைப் பற்றி எழுதினார்கள். மிக அரிதாக நடப்பது, இதைப் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தழும்பு இருக்கும் இடத்தில் புண் வந்து வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு இருக்காமல் தோல் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை இருப்பதால் உங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

இறுக்கம் அதிகம் என்று உடம்பே சொல்லும். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போவது, எரிவது என்றால் இடுப்போரம் ஓடும் நரம்பு அழுந்துகிறது. சாப்பிட்டதும் நெஞ்சு கரித்தால் வயிறு அழுந்துகிறது. இரண்டுக்கும் முதல் மருந்து, கழற்றுவது. நம் வெயிலில் நைலானுக்குள் வியர்வை அடிவயிற்று மடிப்பிலும் தொடை இடுக்கிலும் தேங்கிப் படை வரும், அதனால் உள்ளே பருத்தி ஜட்டி போட்டுக்கொள்ளுங்கள், முகூர்த்தம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள். சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் சொல்லும் பெல்ட்டும் இதுவும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: தினமும் போட்டால் தொப்பை குறையும், கொழுப்பு கரையும் என்று விளம்பரம் வருகிறதே?

கரையாது. அமெரிக்காவில் துணியில் காஃபீன் கலந்து, போட்டாலே உடம்பு இளைக்கும் என்று விற்ற வக்கோல், நார்ம் தாம்சன் ஆகிய இரண்டு கம்பெனிகள்மீது அங்கே வணிக மோசடிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. 2014இல் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டு, வாங்கியவர்களுக்குத் திருப்பித் தர வக்கோல் 13 லட்சம் டாலரும் நார்ம் தாம்சன் 2,30,000 டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். இங்கே காஃபீனுக்குப் பதில் வியர்வை பெல்ட். வியர்த்தால் எடைக்கருவியில் கொஞ்சம் குறையும், ஒரு சொம்பு மோர் குடித்ததும் அது திரும்பி வரும்.

கேள்வி: ஆன்லைனில் 46 இன்ச் பின்பக்கத்துக்கு என்று போட்டிருந்ததை ஆர்டர் செய்தேன். தொடையைத் தாண்டவில்லை. உள்ளாடை என்பதால் ரிட்டர்ன் கிடையாது என்கிறார்கள். பணம் போனதுதானா?

காரணம் என்ன என்பதைப் பொறுத்தது. சரியாக வந்த பொருளை, பிடிக்கவில்லை, தவறான சைஸ் சொல்லிவிட்டேன் என்று திருப்பினால், ரிட்டர்ன் இல்லை என்று முன்பே தெளிவாகப் போட்டிருக்கும் விற்பனையாளரைப் பிடிக்க முடியாது. ஆனால் பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. உள்ளாடை என்பது அதற்கு விலக்கு இல்லை. நேரடிக் கடை என்றாலும் பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது.

ஆகவே சைஸ் சார்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அவர்கள் மாற்றிவிடலாம். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். டேக்கைக் கிழிக்காமல் ஜட்டி மேலேயே போட்டுப் பாருங்கள். இன்னொன்று, துணியைத் தரையில் விரித்து டேப் வைத்து 46 இல்லையே என்று சண்டைக்குப் போகாதீர்கள், விரிகிற துணி சும்மா கிடக்கும்போது சின்னதாகத்தான் இருக்கும், சார்ட்டில் இருப்பது உடம்பின் அளவு. டேக்கில் இருக்கும் சைஸ் நீங்கள் கேட்டதா, வேறொன்றை மாற்றி அனுப்பினார்களா என்று பாருங்கள், பல நேரம் அங்கேயே விஷயம் முடிந்துவிடும். விற்றவர் நீங்கள் சொல்வதைக் கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கட்டணம் இல்லை. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்றும் இல்லை.

கேள்வி: என்ன நிறம் எடுப்பது? எப்படித் துவைப்பது?

பாவாடை மாதிரி சேலைக்குச் சேலை நிறம் பொருத்த வேண்டாம், கறுப்பு ஒன்று, உங்கள் தோல் நிறத்துக்கு அருகில் ஒன்று, முடிந்தது. "ஸ்கின் கலர்" என்று கடையில் எடுத்துப் போடும் வெளிர் பழுப்பு யாருடைய தோலோ, மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அடர்த்தியான பழுப்பு கேளுங்கள், வெள்ளைச் சேலைக்குள் அதுதான் தெரியாது. பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் போடுங்கள். சுடுதண்ணீரும் உச்சி வெயிலும் ஸ்பாண்டெக்ஸைத் தொளதொளவென்று ஆக்கிவிடும், கம்ஃபர்ட் மாதிரித் துணி மென்மையாக்கிகளும் வேண்டாம். இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது, அதை வீட்டில் நைட்டிக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாம்.