முடிவு யார் கையில்?

அன்புள்ள அக்கா,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கமக்காரர் அமைப்பில் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை பிடித்த இரண்டு பேரைப் பேச வைத்துச் சமாதானமாக்கினேன். ஒரு வேலைக்கான ஆங்கில விண்ணப்பத்தில் அதை 'ஆர்பிட்ரேற்' செய்ததாக எழுதினேன். நேர்முகத்தில், "உங்கள் தீர்ப்புக்கு இருவரும் கட்டுப்பட்டார்களா?" என்று கேட்டார்கள். நான் தீர்ப்பே சொல்லவில்லையே! மீடியேற், ஆர்பிட்ரேற், ரெக்கன்சைல் எல்லாம் மத்தியஸ்தம்தானே?

அன்புள்ள தம்பி,

உங்களைக் குழப்பியது நம்முடைய 'மத்தியஸ்தம்' என்ற சொல்தான் என்று நினைக்கிறேன். உதைபந்தாட்டத்தில் விசில் ஊதுபவரும் நமக்கு மத்தியஸ்தர், ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கச் சட்டப்படி அமைத்த மத்தியஸ்த சபையில் இருப்பவரும் மத்தியஸ்தர். முதலாமவர் சிவப்பு அட்டை காட்டினால் வெளியே போகத்தான் வேண்டும். மற்றவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. மத்தியஸ்த சபைகளை அமைத்த 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டமே அப்படித்தான். இணக்கம் வராவிட்டால், வரவில்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

என் மாமா அப்படியொரு சபையில் இருந்தவர். ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்த விசாரணையை வாசலில் நின்று பார்த்தேன். கட்டாக்காலி மாடுகள் வயலுக்குள் இறங்கி, குடலைப் பருவத்துப் பயிரை மேய்ந்துவிட்டன. மாமா கேள்விதான் கேட்டார். நடுவில் வெகுநேரம் பேசாமலே இருந்தார். கடைசியில் மாட்டுக்காரர், "சரி, ரெண்டு மூட்டை நெல்லுத் தாறன்" என்றார். வயல்காரர், "இனி மாட்டைக் கட்டி வளப்பன் எண்டும் எழுதுங்கோ" என்றார். மாமா எழுதினார். அதுதான் மீடியேற். முடிவு சண்டைக்காரர் வாயிலிருந்தே வந்தது.

"நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்கள், கட்டுப்படுகிறோம்" என்று இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, மாமா "மூன்று மூட்டை" என்று சொல்லியிருந்தால் அது ஆர்பிட்ரேற். பெரிய வியாபார ஒப்பந்தங்களில் இதற்கென்றே ஒரு வாசகம் எழுதி வைப்பார்கள். அங்கே வரும் முடிவை நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றவும் முடியும்.

நடுவில் ஆளே இல்லாமல் இரு தரப்பும் நேரே பேரம் பேசுவது நெகோஷியேற். ஃபசிலிற்றேற் என்பதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2002 போர்நிறுத்தக் காலத்தில் நோர்வேயை நாம் 'அனுசரணையாளர்' என்று சொன்னோமே, அதுதான். பேச இடம் ஒழுங்கு செய்வது, தகவலைக் கொண்டு போய்ச் சேர்ப்பது.

ரெக்கன்சைல் வேறு சாதிச் சொல். மற்றவை பிணக்கைப் பற்றியவை, இது உறவைப் பற்றியது. கணக்கியல் படித்தவர்களுக்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று தெரியும்: காசேடு ஒன்று சொல்லும், வங்கிக்கூற்று வேறொன்று சொல்லும், எங்கே பிசகியது என்று வரிவரியாகத் தேடி இரண்டையும் பொருந்த வைப்போம். மனிதரிடமும் அந்தத் தேடல் வேண்டும். நெல்லு மூட்டை கைமாறியதும் பிணக்கு முடிந்தது. ஆனால் அந்த இரண்டு பேரும் ஒருவர் வீட்டு நன்மை தின்மைக்கு மற்றவர் போக இரண்டு வருடம் எடுத்தது. அதற்கு முன் அவர்கள் ரெக்கன்சைல் ஆனார்கள் என்று எழுதினால் அது பொய்.

ஆகவே, விண்ணப்பத்தில் 'மீடியேற்' என்று மாற்றுங்கள். ஆட்களைச் சொல்வதானால் பின்னால் 'பிற்வீன்' வர வேண்டும். அப்புறம், உங்கள் வாய்க்கால்காரர் இருவரும் இப்போது கதைக்கிறார்களா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா